புதுப் பம்ப் துப்பாக்கியைப் பிரித்துச் சுத்தம் செய்வது எப்படி? வடசென்னை உப்புக்காற்றுக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் பம்ப் என்றால் அடிபம்ப்தான். போன வருஷம் பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, லைசென்ஸில் புதுசாக, கைப்பிடியை முன்பின் இழுத்துத் தோட்டா ஏற்றும் 12 போர் பம்ப் ஆக்‌ஷன் ஏற்றிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டுப் பொடியன், "இதுல தண்ணி வருமா தாத்தா?" என்று கேட்டான். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். விற்ற கடைக்காரர் "எல்லாம் ரெடி சார், அப்படியே டூட்டிக்கு எடுத்துட்டுப் போகலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ரெடியாக ஒன்றும் இல்லை. குழலுக்குள் விரலை விட்டால் அல்வா மாதிரி பழுப்பு கிரீஸ். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டின் அடியில் பித்தளைப் பொடி போல மினுக்கும் இரும்புத் தூள்.

பட்டாளத்தை விட்டு வந்து வங்கி வாசலிலும், நகைக்கடை வாசலிலும், பணம் ஏற்றும் வேனிலும் சொந்த லைசென்ஸ் துப்பாக்கியோடு நிற்கிறவர்கள் ராயபுரம் முதல் எண்ணூர் வரை நிறையப் பேர் இருக்கிறோம். யூனிட்டில் இருந்தபோது ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆர்மரர் பார்த்துக்கொண்டார். இங்கே நாம்தான் ஆர்மரர். நமக்கு எழுதியது இது.

முதலில் ஒரு விஷயத்தை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். நம் துப்பாக்கியைக் கெடுப்பது வெடிமருந்துக் கரி இல்லை. காவல் வேலையில் வருஷத்துக்கு ஒரு தடவை பயிற்சிக்குச் சுட்டாலே பெரிசு. கெடுப்பது காற்று. காசிமேட்டில் ஜன்னல் கம்பிக்கு தீபாவளிக்குப் பெயின்ட் அடித்தால் சித்திரைக்குள் கொப்பளம் கொப்பளமாகத் துரு எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். சென்னையில் விடிகாலை ஈரப்பதம் அதைத் தாண்டுகிற நாள்கள் ஏராளம். இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்பு ஒவ்வொரு ராத்திரியும் நனைந்து, ஒவ்வொரு பகலும் காய்கிறது. மணலி, எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதோடு நிலக்கரித் தூசும் சாம்பலும் சேர்த்தி. அந்தத் தூசு கெட்டியான எண்ணெயில் ஒட்டினால் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்த மாதிரி உள்ளே அரைக்கும்.

அப்படியானால் கம்பெனி கிரீஸை அப்படியே விட்டால் துரு பிடிக்காதே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது கிடங்கில் மாதக்கணக்கில் கிடப்பதற்குப் பூசியது, ஓடுவதற்கு இல்லை. குழலுக்குக் கீழே தோட்டா அடுக்கும் மேகசின் குழாய்க்குள் அது கெட்டிப்பட்டால், உள்ளே தோட்டாவைத் தள்ளும் ஃபாலோவர் பாதி வழியில் நின்றுவிடும், தோட்டா வராது. தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் சேம்பரில் படிந்திருந்தால் சுட்ட தோட்டாக் கூடு வெளியே வராமல் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, புதுத் துப்பாக்கி என்பது சுடாத துப்பாக்கி இல்லை. விற்பனைக்கு விடுமுன் அதிக அழுத்தத் தோட்டா போட்டு, குழல் தாங்குகிறதா என்று புரூஃப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அந்தக் கரியின்மேலேயே கிரீஸ் பூசி வந்திருக்கலாம்.

என்னென்ன வேண்டும்

பெரிய செலவு இல்லை. 12 போருக்கான கிளீனிங் ராடு, அதன் முனையில் மாட்ட ஒரு வெண்கலப் பிரஷ், ஒரு துணி மாட்டி. குழலுக்குள் விட்டு இழுக்கும் பட்டாளத்துப் புல்-த்ரூ கயிறு வைத்திருந்தால் அதுவும் நல்லதுதான், ஆனால் முதல் கழுவலுக்கு ராடு வேண்டும். கிரீஸ் அவ்வளவு பிடிவாதம். பல் தேய்க்கும் பழைய பிரஷ் இரண்டு. துப்பாக்கியின் பின்களைத் தட்டி எடுக்க ஒரு மரக்குச்சி அல்லது பித்தளை பஞ்ச். பாரிமுனையில் செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டித் தெருப் பக்கம் போனால் பஞ்ச், சின்னச் சுத்தியல் எல்லாம் ஒரே நடையில் முடியும். ராடையும் வெண்கலப் பிரஷையும் துப்பாக்கிக் கடையில்தான் வாங்க வேண்டும்.

துணிக்குப் பழைய பனியனை விட நல்லது கிடையாது. நூல் உதிரும் துணி வேண்டாம். கிரீஸைக் கரைக்க பெயின்ட் கடை டர்பன்டைன் போதும். பெட்ரோல் கூடவே கூடாது. கொசுவர்த்தி புகையும் வீட்டில் பெட்ரோல் டப்பாவைத் திறப்பவருக்கு துப்பாக்கியால் ஆபத்து வர வேண்டிய அவசியமே இல்லை.

எண்ணெய்? துப்பாக்கி எண்ணெய் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் தையல் மிஷின் எண்ணெய் தாராளமாக ஓடும், அதுவும் மெல்லிய மினரல் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் ரெண்டும் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், துருவை இளக்கும், கிரீஸைக் கழுவும். ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். அதை அடித்துவிட்டு எண்ணெய் போட்டாயிற்று என்று இருந்தால் ஐப்பசி மழையில் தெரிந்துவிடும்.

தரையில் வெள்ளை வேட்டி ஒன்றை விரியுங்கள். சின்னப் பின் விழுந்தால் கண்ணில் படும். கண்ணாடி போட்டிருப்பவர் போட்டுக்கொள்ளட்டும், போடாதவர் ஒரு சாதாரணக் கண்ணாடியாவது வாங்கிப் போடட்டும். ஸ்பிரிங்குக்கு ஆள் அடையாளம் தெரியாது.

காலி என்று மூன்று தடவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் படிக்கக் கூடாது.

தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். அதே அறையில் அலமாரி மேலே வைத்தால் கணக்கில் சேராது. பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம் வீடுகளில் சுவருக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் இன்னொரு குடும்பத்தின் அடுப்படி. ஆகவே சுவரை நம்பாதீர்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி நிறைய மணல் கொட்டி மூலையில் வையுங்கள். குழல் முனை அந்த மணலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். யூனிட்டில் ஆயுதக் கிடங்கான கோட் வாசலில் பார்த்ததுதானே.

விரலை டிரிகர் கார்டுக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு சேஃப்டியைப் போடுங்கள். டிரிகர் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்லைடு ரிலீஸை அழுத்தி ஃபோர்-எண்டை, அதாவது நாம் பம்ப் செய்யும் கைப்பிடியை, முழுசாகப் பின்னுக்கு இழுங்கள். சேம்பரில் தோட்டா இருந்தால் வெளியே விழும். அடியில் திறந்திருக்கும் வாசலில், தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் கேரியரை மேலே தள்ளிப் பார்த்தால் மேகசின் குழாயின் வாய் தெரியும். தோட்டாவின் பித்தளை அடி தெரிந்தால், பக்கத்துத் தாழ்ப்பாளை அழுத்தி ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வாங்குங்கள். ஃபாலோவரின் முகம் தெரியும்வரை வாங்க வேண்டும். அது பல துப்பாக்கிகளில் பளிச்சென்ற நிறத்தில் இருக்கும்.

கண்ணால் பார்த்தது ஒன்று. சுண்டுவிரலை சேம்பருக்குள் விட்டுத் தடவுவது இரண்டு. மேகசின் வாயில் விரலை வைத்து ஃபாலோவரைத் தொடுவது மூன்று. இருட்டில் வேலை செய்து பழகியவர்கள் கண்ணை விட விரலைத்தான் நம்புவார்கள். நடுவில் யாராவது கதவைத் தட்டி நீங்கள் எழுந்து போனால், திரும்பி வந்ததும் மூன்றையும் மறுபடி செய்யுங்கள்.

பிரிப்பது

பம்ப் துப்பாக்கிகள் எல்லாம் ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளுக்குள் இரண்டு மூன்று குடும்பங்கள் உண்டு. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1897 மாடல் வின்செஸ்டர் காலத்திலிருந்தே குழலுக்குக் கீழே தோட்டாக் குழாய், அதன்மேல் ஓடும் கைப்பிடி என்ற அமைப்பு மாறவில்லை. இன்று அதிகம் பார்ப்பது ரெமிங்டன் 870 வழிவந்த அமைப்பு. நான் சொல்வது அதை வைத்து. உங்கள் துப்பாக்கியோடு வந்த சின்னப் புத்தகத்தை ஒரு தடவை படித்துவிட்டு உட்காருங்கள். படம் வேறுமாதிரி இருந்தால் புத்தகம் சொல்வதுதான் சரி. நம்மூர் திருச்சித் தொழிற்சாலையின் 12 போர் பம்ப் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான்.

ஃபோர்-எண்டை பாதி வழியில் நிறுத்துங்கள். முழுசாக மூடியிருந்தால் போல்ட்டின் பூட்டு குழலைப் பிடித்துக்கொள்ளும், குழல் வராது. மேகசின் குழாயின் நுனியில் இருக்கும் மூடியைக் கையாலேயே இடப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். புதுசில் இறுக்கமாக இருக்கும். துணி சுற்றிப் பிடியுங்கள். குறடு வைத்தால் முதல் நாளே பல் தடம் விழுந்துவிடும். சில மாடல்களிலும், நீளக் குழாய் சேர்த்தவற்றிலும் மூடிக்குப் பின்னாலேயே ஸ்பிரிங் காத்துக்கொண்டிருக்கும். கடைசிச் சுற்றுக்கு முன் கட்டைவிரலை மூடிமேல் அழுத்தி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மூடி போனதும் குழலை நேராக முன்னுக்கு இழுத்தால் வந்துவிடும். மாஸ்பெர்க் 500 வகையில் மூடிக்குப் பதில் குழலோடு சேர்ந்த ஒரு திருகு இருக்கும், அதைத் தளர்த்தினால் போதும். பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். டூட்டிக்குப் பிறகு வாரந்திரத் துடைப்புக்கு இது போதும். புதுத் துப்பாக்கிக்குப் போதாது.

அடுத்து, துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து அடி வாசலில் பாருங்கள். இரண்டு பக்கமும் மெல்லிய எஃகுத் தகடு போல இரண்டு தாழ்ப்பாள் இருக்கும். கேரியரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இடது தாழ்ப்பாளை விரலால் அழுத்தியபடி ஃபோர்-எண்டை முன்னுக்கு நகர்த்தினால், இரண்டு நீளக் கம்பிகளும் அவற்றின் நுனியில் போல்ட்டும் சேர்ந்து, துப்பாக்கியின் நடு உடம்பான ரிசீவரிலிருந்து வெளியே வரும். போல்ட் கம்பிகளின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஒட்டியிருக்கிறது என்று நினைத்து இழுத்தால் காலில் விழும். எனக்கு விழுந்தது.

அடுத்து டிரிகர் தொகுப்பு. ரிசீவரின் பக்கவாட்டில் இரண்டு பின் குறுக்கே போகும். மரக்குச்சியால் மெல்லத் தட்டினால் நகரும். தொகுப்பு மொத்தமாகப் பின்பக்கம் முதலில் எழும்பி வெளியே வரும். ஹேமர், அதாவது தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியல், தூக்கிய நிலையிலேயே இருக்கட்டும். கையில் வைத்துக்கொண்டு டிரிகரை அழுத்தி ஹேமரை அடிக்க விடாதீர்கள். முன்னால் தடுக்க எதுவும் இல்லாததால் ஹேமர் தொகுப்பின் உடம்பையே போய் அடிக்கும்.

இதற்கு மேல் பிரிக்க வேண்டாம். டிரிகர் தொகுப்புக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகளைக் கழற்றி வெற்றி பெற்றவர்களை விட, ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் போனவர்கள்தான் அதிகம். சட்டத்திலும் ஒரு கோடு உண்டு. நம் துப்பாக்கியை நாம் துடைப்பது வேறு, தொழிலாக ரிப்பேர் செய்வது வேறு. அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். குழலைக் குட்டையாக வெட்டுவதோ 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். வேனுக்குள் உட்கார இடைஞ்சலாக இருக்கிறது என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளோடு டீ குடிப்பதையும் நிறுத்துங்கள்.

குழல்

நேரம் அதிகம் பிடிக்கிற இடம் இது. டர்பன்டைனில் நனைத்த துணியை ராடில் மாட்டி சேம்பர் பக்கமிருந்து வாய்ப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். முதல் துணி தேன் நிறத்தில் வரும். இரண்டு மூன்று துணிக்குப் பிறகு பத்து நிமிஷம் விடுங்கள், கிரீஸ் ஊறட்டும். அந்த நேரத்தில் டீ போடலாம், ஆனால் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு. சுட்ட கரியில் ஈயம் இருக்கும். துப்பாக்கி துடைக்கும் இடத்தில் பஜ்ஜி வைத்துச் சாப்பிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. விட்டுவிடுங்கள்.

பிறகு வெண்கலப் பிரஷ். 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஒரு உருண்டை எவ்வளவு பெரிசோ அந்த அளவு; 12 என்ற எண் வந்தது அங்கிருந்துதான். பிரஷ் அந்த அளவுக்கு இறுக்கமாக இருக்கும். உள்ளே போன பிரஷை வாய் வழியாக முழுசாக வெளியே விட்ட பிறகே திரும்ப இழுக்க வேண்டும். நடுவில் திசை மாற்றினால் முடி மடங்கி மாட்டிக்கொள்ளும். பத்து தடவை போய் வந்தால் புதுக் குழலுக்குப் போதும்.

சேம்பரைத் தனியாகக் கவனியுங்கள். அது குழலை விடக் கொஞ்சம் அகலம், அதனால் ராடு அங்கே சரியாகத் தொடாது. பிரஷ்மேல் துணி சுற்றிக் கையால் திருகித் துடையுங்கள். சேம்பருக்கும் குழலுக்கும் நடுவே குறுகும் இடத்தில் கிரீஸ் ஒளிந்திருக்கும். குழலின் பக்கவாட்டில் சேம்பர் நீளம் பொறித்திருக்கும், 70 அல்லது 76 மில்லிமீட்டர். கிரீஸ் போனதும் அந்த எழுத்து தெளிவாகத் தெரியும். அப்போதே லைசென்ஸில் எழுதிய நம்பரையும் ரிசீவரில் உள்ள நம்பரையும் ஒரு தடவை ஒத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அடுத்த ரினியூவலில் அலைச்சல் உங்களுக்குத்தான்.

இனி உலர்ந்த துணி. வெள்ளையாகப் போய் வெள்ளையாக வரும்வரை. பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இப்போது குழல் கழன்று தனியாக இருப்பதால் உள்ளே கண்ணை வைக்கலாம்; மாட்டிய பிறகு எக்காரணம் கொண்டும் கூடாது. உள்ளே ஒரு துண்டுத் துணி தங்கியிருந்தாலும் சுடும்போது குழல் வெடிக்கலாம். 20 போர் தோட்டா தவறிப்போய் 12 போர் குழலுக்குள் விழுந்தால் கொஞ்சம் முன்னால் போய் மாட்டிக்கொள்ளும். பின்னால் 12 போர் தோட்டா தாராளமாக ஏறும். சுட்டால் கையே போகும். வீட்டில் இரண்டு அளவுத் தோட்டாவும் இருந்தால் ஒன்றை இன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக எண்ணெய் தொட்ட ஒரே ஒரு துணி. உள்ளே மினுக்கம் தெரிய வேண்டும், வழியக் கூடாது. பயிற்சிக்குப் போகும் அன்று காலையில் அந்த எண்ணெயையும் உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும்.

போல்ட், மேகசின், மறைவான இடங்கள்

போல்ட்டை டர்பன்டைனில் நனைத்துப் பல் பிரஷால் தேயுங்கள். தோட்டாவின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடியில்தான் தொழிற்சாலைத் தூள் பதுங்கியிருக்கும். குச்சியின் நுனியில் துணி சுற்றிக் குடைந்து எடுங்கள். ஃபயரிங் பின் ஓடும் துவாரத்தில் எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெய் நிறைந்தால் அந்தப் பின் மெதுவாக வந்து, தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரைத் தடவிவிட்டுப் போகும். நன்றாகத் துடைத்து வெயிலில் அரை மணி நேரம் காயட்டும்.

மேகசின் குழாயின் உள்ளே எண்ணெயே வேண்டாம். ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் நுனித் தடுப்பை எடுக்கத் தெரிந்தால் எடுத்து, ஸ்பிரிங்கையும் ஃபாலோவரையும் வெளியே உருவி, குழாயை உள்ளே துடையுங்கள். தெரியாவிட்டால் விடுங்கள். ஒரு நீளக் குச்சியால் ஃபாலோவரை அமுக்கி விட்டுப் பாருங்கள். வெண்ணெயில் அமுக்குவது போல மெத்தென்று திரும்பினால் உள்ளே கிரீஸ் இருக்கிறது. சடாரென்று திரும்பினால் போதும்.

இனி நான் நண்பர் ஒருவரின் துப்பாக்கியில் பார்த்தது. ராயபுரத்துக்காரர், பட்டாளத்தில் என்னை விட ஐந்து வருஷம் சீனியர். வெளியே துப்பாக்கியைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். "அண்ணே, ஒரு தடவை ஃபோர்-எண்டைக் கழட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குப்பா, ஸ்மூத்தா ஓடுது" என்றார். கழற்றினோம். ஃபோர்-எண்டின் அடியில், கை படாத மேகசின் குழாயின் மேல்பாதியில், குழல் வளையம் உட்காரும் இடத்தில், செம்பருத்திப்பூ நிறத்தில் துரு. ஒரே ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. துடைத்தது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடம்.

நம் ஊரில் துரு பிடிக்கும் இடங்கள் வரிசையாகச் சொன்னால்: மேகசின் மூடியின் மரை, குழல் வளையத்தின் உட்புறம், குழலுக்கும் மேகசின் குழாய்க்கும் நடுவில் உள்ள இடுக்கு, ஃபோர்-எண்டுக்கு உள்ளே, பெல்ட் மாட்டும் வளையம், தோள்கட்டைக்குப் பின்னால் உள்ள இரப்பர் பட்டையின் திருகு. இந்த ஆறு இடத்திலும் ஒவ்வொரு சொட்டு, விரலால் பரப்பி, பிறகு துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தொட்டால் விரலில் மினுமினுப்பு ஒட்டும், சொட்டாது. அந்த அளவுதான்.

ரிசீவருக்குள் போல்ட் ஓடும் தடத்தில் இரண்டு சொட்டு. இரண்டு கம்பிகளுக்கும் பக்கத்துக்கு ஒன்று. டிரிகர் தொகுப்பில் ஹேமர் சுழலும் அச்சில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். துப்பாக்கி உள்ளுக்குள் மொத்தமாக ஐந்தாறு சொட்டு குடித்தால் ஆயிற்று. எண்ணூர், மணலிவாசிகள் இன்னும் ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அடிக்கடி, கொஞ்சமாக.

மரத் தோள்கட்டையானால் ஆளி விதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்க்கலாம். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துப் போட்டுக் காய்ந்த பிறகு எறியுங்கள். பிளாஸ்டிக் கட்டையானால் ஈரத்துணி போதும், டர்பன்டைன் வேண்டாம்.

திரும்ப மாட்டுவது

ஹேமர் தூக்கியபடி டிரிகர் தொகுப்பை முன்பக்கம் முதலில் உட்கார வைத்து, பின்பக்கத்தை இறக்கி, இரண்டு பின்னையும் தட்டுங்கள். துவாரம் நேராக வராவிட்டால் சுத்தியல் தேவையில்லை, தொகுப்பு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

இரண்டு கம்பியின் நுனியில் ஸ்லைடு என்ற சின்னக் கட்டை, அதன்மேல் போல்ட். மூன்றையும் சேர்த்துப் பிடித்தபடி ஃபோர்-எண்டை மேகசின் குழாயில் ஏற்றிப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஓரிடத்தில் முட்டி நிற்கும். அங்கே வலது தாழ்ப்பாளை அழுத்துங்கள், கொஞ்சம் போகும். மறுபடி முட்டும். இப்போது இடது தாழ்ப்பாள். முதல் தடவை இது பதினைந்து நிமிஷம் என் பொறுமையைச் சோதித்தது. மூன்றாவது தடவை ஒரே மூச்சில் போய்விட்டது. பலம் போட்டுத் தள்ளினால் தாழ்ப்பாள் வளையும். வளைந்த தாழ்ப்பாள் ஒரே இழுப்பில் இரண்டு தோட்டாவை விட்டுவிடும், துப்பாக்கி நடுவில் சிக்கிக்கொள்ளும்.

ஃபோர்-எண்டைப் பாதியில் நிறுத்திக் குழலை ஏற்றி, மூடியைக் கைப்பலத்தில் இறுக்குங்கள். முதல் பயிற்சியில் நாலைந்து ரவுண்டு சுட்டதும், துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, மூடியை மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். புதுசில் அது தளரும்.

இனிச் சோதனை. தோட்டா இன்னும் வேறு அறையிலேயே இருக்கட்டும். குழல் மணல் வாளியைப் பார்க்கட்டும். ஒரு தடவை பம்ப் செய்து மூடுங்கள். ரிலீஸை அழுத்தாமல் ஃபோர்-எண்டை இழுத்தால் அசையக் கூடாது. சேஃப்டியைப் போட்டு டிரிகரை அழுத்துங்கள், ஹேமர் விழக் கூடாது. சேஃப்டியை எடுத்து அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். டிரிகரை விடாமல் பிடித்துக்கொண்டே ஒரு தடவை பம்ப் செய்யுங்கள். மூடும்போது ஹேமர் தூக்கியே இருக்க வேண்டும். பிறகு டிரிகரை விட்டுத் திரும்ப அழுத்தினால்தான் விழ வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அது டூட்டிக்கு ஆகாது. தோட்டா ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் டம்மி தோட்டா வாங்கிப் பாருங்கள். நிஜத் தோட்டாவை வீட்டில் ஏற்றிப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

அதற்குப் பிறகு

வங்கிக்குள் ஏசியில் நிற்கிறவர்களுக்கு ஒன்று. உள்ளே எட்டு மணி நேரம் குளிர்ந்த இரும்பு வெளியே வந்ததும், ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு மாதிரி வியர்க்கும். அந்த ஈரத்தோடு துணி உறைக்குள் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்து அப்படியே பீரோவில் வைத்தால் ராத்திரி முழுக்கத் துப்பாக்கி ஆவியில் வேகும் இட்லி. வந்ததும் உறையிலிருந்து எடுத்து, காலி பார்த்து, வெளியே முழுக்க ஒரு துடைப்பு, எண்ணெய்த் துணியால் ஒரு ஒற்றல். ஐந்து நிமிஷ வேலை. உறை தனியாக ஆணியில் தொங்கட்டும். பீரோவுக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். நீல மணி இளஞ்சிவப்பாகிவிட்டால் வாணலியில் லேசாக வறுத்தால் பழைய நிறத்துக்கு வரும். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் நம் பக்கம் வீட்டுக்குள் வந்தது நினைவிருக்கும். பீரோவின் அடித்தட்டில் வைத்தவர்கள் மேல்தட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நனைந்துவிட்டால் எண்ணெய் தேடி ஓடாதீர்கள். முதலில் நல்ல தண்ணீரில் சேறும் உப்பும் போகக் கழுவ வேண்டும், முடிந்தால் வெந்நீரில். சூட்டுக்கு இரும்பு சீக்கிரம் காயும். மேலே சொன்னபடி முழுசாகப் பிரித்து, காயவைத்து, பிறகுதான் எண்ணெய். அன்றைக்கே செய்ய வேண்டும்.

தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால் வாரக்கணக்கில் அங்கே கிடக்கும். அதற்கு முன் வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் தாராளமாக, குழலுக்கு உள்ளும் வெளியும், எண்ணெய் பூசிக் கொடுங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு, ரசீதில் நம்பர் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று நின்று பாருங்கள். திரும்ப வாங்கிய அன்றே வேட்டியை விரித்து முதலிலிருந்து ஆரம்பியுங்கள். லைசென்ஸ் இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்தால் போதும், 2019 திருத்தத்துக்குப் பிறகு. துப்பாக்கிக்கு அந்தச் சலுகை கிடையாது: வெளிப்புறம் தினமும், குழல் வாரம் ஒரு தடவை, முழுப் பிரிப்பு சித்திரையில் ஒன்று, புரட்டாசிக் கடைசியில் மழைக்கு முன் ஒன்று, தை பிறந்ததும் ஒன்று.